ஒல்லி போனுக்கு ஒரு லட்சமா?

புதுச்சேரி சாரம் காமராஜர் சாலையில் எந்த மொபைல் கடையில் போன் வாங்கினாலும், பெட்டியைப் பிரித்ததும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: “டெம்பர் ஒட்டி, பேக் கவர் போட்டுடவா அண்ணே?” வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்குபவர்களை விரல்விட்டு எண்ணலாம். லட்ச ரூபாய் போனை வெறுமனே கையில் வைத்திருக்க யாருக்குத் துணிச்சல்? 5.6 மில்லிமீட்டர் போன் கண்ணாடியும் கவரும் ஏறியதும் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டருக்கு வந்துவிடும். சாதாரண ஐபோன் 17-இன் தடிமன் 7.95 மில்லிமீட்டர். அதற்கும் கவர் போடுவோம் என்பது சரிதான். ஆனால், எந்த ஒல்லியைக் காட்டி விற்றார்களோ அது நம் கைக்கு வந்து சேருவதே இல்லை.

2025-ஆம் ஆண்டில் இரண்டு பெரிய நிறுவனங்களும் இந்த ஒல்லிப் பந்தயத்தில் இறங்கின. சாம்சங், மே மாதத்தில் கேலக்ஸி எஸ்25 எட்ஜை அறிமுகப்படுத்தியது. தடிமன் 5.8 மில்லிமீட்டர், இந்திய விலை 1,09,999 ரூபாய். செப்டம்பரில் ஆப்பிளின் ஐபோன் ஏர் வந்தது: 5.6 மில்லிமீட்டர், 165 கிராம், 1,19,900 ரூபாய். விளம்பரத்தில் இரண்டையும் பக்கவாட்டில்தான் காட்டினார்கள். கத்தி முனை மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு போனின் இடுப்பு அளவு மட்டுமே. ஐபோன் ஏரின் தலைப்பகுதியில் கேமராவுக்காகப் புடைத்திருக்கும் மேட்டையும் சேர்த்து அளந்தால் 11 மில்லிமீட்டருக்கு மேல் போகிறது. தயாரிப்பாளர்கள் தடிமனைச் சொல்லும்போது இந்த மேட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது ஆப்பிள் மட்டும் செய்யும் வேலை அல்ல, தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

தடிமனைக் குறைத்தால் அடி வாங்குவது பேட்டரி. போனின் முன்பக்கத் திரை, பின்பக்கக் கண்ணாடி, சட்டம் ஆகியவற்றை ஓர் அளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது, உடைந்துவிடும். நடுவில் மிஞ்சும் இடத்தில்தான் கை வைக்க முடியும், அங்கே உட்கார்ந்திருப்பது பேட்டரி. ஐபோன் ஏரில் சிப், கேமரா உள்ளிட்ட முக்கியப் பாகங்களை அந்தத் தலைமேட்டுக்குள் ஏற்றிவிட்டு, கீழே இருந்த இடத்தையெல்லாம் பேட்டரிக்கே விட்டிருக்கிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. அப்படியும் கிடைத்தது 3,149 எம்ஏஎச். ஐபோன் 17-இல் இருப்பது 3,692. அதாவது, கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. வீடியோ ஓட்டினால் ஐபோன் 17-க்கு 30 மணி நேரம், ஏருக்கு 27 மணி நேரம் என்று ஆப்பிளே சொல்கிறது. கேட்கச் சின்ன வித்தியாசம் போலத்தான் இருக்கும். ஆனால் இது நிறுவனத்தின் சோதனைக் கணக்கு. வெயிலில் திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்து, மேப் போட்டுக்கொண்டு, 5ஜி-யில் ஓடுகிற போனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பேட்டரி போதாது என்பதை ஆப்பிளும் ஒருவகையில் ஒத்துக்கொள்கிறது. ஏருக்கென்றே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் தனி பேட்டரி ஒன்றைச் செய்து 11,900 ரூபாய்க்கு விற்கிறது. போன்களைப் பிரித்துப் பார்க்கும் ஐஃபிக்ஸிட் குழு இரண்டையும் திறந்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது: போனுக்குள் இருந்த பேட்டரியும் ஒட்டு பேட்டரிக்குள் இருந்ததும் ஒரே உருப்படி. அப்படியென்றால் இன்னொரு முழு சார்ஜ் கிடைக்க வேண்டும் அல்லவா? கிடைக்காது. கம்பியில்லாமல் ஏற்றும்போது கணிசமான பங்கு வெப்பமாக வீணாவதால், கூடுதலாக 65 சதவீதம் வரைதான் ஏறும் என்று ஆப்பிள் சொல்கிறது. இதை முதுகில் ஒட்டிய ஏர், 8.75 மில்லிமீட்டர் உள்ள ஐபோன் 17 ப்ரோவைவிடத் தடியாகிவிடும். போனுக்கும் ஒட்டு பேட்டரிக்குமாக 1,31,800 ரூபாய் ஆகிறது. ப்ரோவின் விலை 1,34,900. மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் மூன்று கேமரா, முழுநாள் பேட்டரி, இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் கிடைக்கின்றன. ஆம், ஏரில் ஒரே ஸ்பீக்கர்தான், அதுவும் காதில் வைக்கும் இடத்தில். கீழே இருப்பவை மைக்கும் சார்ஜர் துளையும் மட்டுமே.

நம் ஊருக்கு இதைவிட முக்கியமான விஷயம் வெப்பம். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்பது ஆப்பிளின் அதிகாரபூர்வ அறிவுரை. கத்திரி வெயிலில் பாண்டிச்சேரி என்ன 35-லேயே நிற்கவா செய்கிறது? வண்டியின் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு மதிய வேளையில் டெலிவரிக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும்: திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது பாதியில் நிற்கும், மேப் தடுமாறும். எந்த போனுக்கும் இது நடக்கும். ஆனால் ஒல்லி போனில் வெப்பத்தை வாங்கிப் பரப்புவதற்கு உள்ளே இருக்கும் பொருளே குறைவு. ஐபோன் 17 ப்ரோவில் திரவம் ஆவியாகி, மறுபடி குளிர்ந்து, சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பர் இருக்கிறது. ஏரில் அதற்கு இடமில்லை. ப்ரோவில் இருக்கும் ஏ19 ப்ரோ சிப்பையே, கிராஃபிக்ஸில் ஒரு கோர் குறைத்து, ஏரிலும் வைத்திருக்கிறார்கள். வேகமான சிப்தான், சந்தேகமில்லை. நீண்ட நேரம் கேம் ஆடினாலோ வீடியோ எடுத்தாலோ சூடு ஏறும், போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏரில் பின்பக்கம் ஒன்றே ஒன்று. நல்ல கேமரா. ஆனால், கல்யாண மண்டப மேடையில் இரண்டு குடும்பத்தையும் ஒரே படத்துக்குள் அடக்கும் அகலக் கோணம் கிடையாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு சாமியை நெருக்கமாக எடுக்க நினைத்தால், அதற்கான தொலைவு லென்ஸும் கிடையாது. எட்ஜில் அகலக் கோணம் உண்டு, தொலைவு லென்ஸ் இல்லை.

இவ்வளவையும் விட்டுக்கொடுத்து நாம் வாங்குவது என்ன? இங்கேதான் என் வழக்கு. கை உணர்வது தடிமனை அல்ல, எடையை. படுத்துக்கொண்டு படிக்கும்போது மணிக்கட்டை வலிக்கச் செய்வதும், சட்டைப் பையைத் தொங்கவைப்பதும் எடைதான். எட்ஜின் எடை 163 கிராம். அதே குடும்பத்துச் சாதாரண எஸ்25 எவ்வளவு தெரியுமா? 162 கிராம். தடிமன் 7.2 மில்லிமீட்டர், கேமரா மூன்று, பேட்டரி 4,000 எம்ஏஎச். எட்ஜில் இருப்பதோ 3,900. விலையும் அறிமுகத்தின்போது எட்ஜைவிட ஏறக்குறைய 29,000 ரூபாய் குறைவு. திரை சின்னது என்பது ஒன்றுதான் குறை. பெரிய திரைதான் வேண்டும் என்பவருக்கு அதே 6.7 அங்குலத்தில் எஸ்25 பிளஸ் இருக்கிறது. எட்ஜைவிட பேட்டரி 1,000 எம்ஏஎச் கூடுதல், தொலைவு லென்ஸ் உண்டு, விலை 10,000 ரூபாய் குறைவு, எடை 27 கிராம் அதிகம். ஆப்பிள் பக்கம் பார்த்தால், ஐபோன் 17-க்கும் ஏருக்கும் இடையில் எடை வித்தியாசம் 12 கிராம், விலை வித்தியாசம் 37,000 ரூபாய். ஏரின் திரை கொஞ்சம் பெரிது, சட்டம் டைட்டானியம். அதற்கு இவ்வளவா என்பதை அவரவர் பர்ஸ்தான் சொல்ல வேண்டும்.

ஒல்லி போன் என்பதே ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2014 இறுதியில் இந்தியக் கடைகளுக்கு வந்த விவோ எக்ஸ்5 மேக்ஸின் தடிமன் 4.75 மில்லிமீட்டர்; அதில் ஹெட்போன் துளைகூட இருந்தது. அடுத்த ஆண்டே நம் நாட்டு மைக்ரோமேக்ஸ், கேன்வாஸ் ஸ்லிவர் 5 என்ற போனை 17,999 ரூபாய்க்கு விற்றது. 5.1 மில்லிமீட்டர், வெறும் 97 கிராம். இரண்டிலும் 2,000 எம்ஏஎச் பேட்டரிதான். சாயங்காலம் ஆனால் சார்ஜரைத் தேட வேண்டியிருந்தது, மக்கள் கைவிட்டார்கள். அதன்பின் பத்தாண்டுகள் போன்கள் தடித்துக்கொண்டேதான் வந்தன. அதைப் பற்றி யாரும் புகார் செய்த மாதிரியும் தெரியவில்லை.

இந்த இடைவெளியில் மாறிய ஒன்று பேட்டரி வேதியியல். வழக்கமான லித்தியம்-அயன் பேட்டரியின் ஒரு முனையில் கிராஃபைட் இருக்கும். ஒரு கிராம் கிராஃபைட் 372 எம்ஏஎச் வரை பிடித்துவைக்கும். சிலிக்கான் கோட்பாட்டளவில் 3,500-க்கும் மேல் பிடிக்கும். சிக்கல், சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பும், இறங்கும்போது சுருங்கும், நாளடைவில் நொறுங்கும். அதைக் கார்பனோடு கலந்து கட்டுப்படுத்தியதுதான் சிலிக்கான்-கார்பன் பேட்டரி. 2023-இல் சீனாவின் ஹானர் தொடங்கிவைத்தது. மற்ற சீன நிறுவனங்கள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. மோட்டோரோலா எட்ஜ் 70 இந்த வகைதான்: 5.99 மில்லிமீட்டர் உடம்பில் 5,000 எம்ஏஎச், விலை 30,000 ரூபாய் வட்டத்தில். டெக்னோவின் போவா ஸ்லிம் 5ஜி இன்னும் மலிவு: 5.95 மில்லிமீட்டர், 156 கிராம், 5,160 எம்ஏஎச், 19,999 ரூபாய். அதன் சிப் சாதாரணம், கேமரா சுமார். ஆனால் ஒன்று தெளிவாகிறது: ஒல்லியாகச் செய்வதற்கு லட்ச ரூபாய் ஆவதில்லை. அந்த லட்சம் பிராண்டுக்கும் சிப்புக்கும் டைட்டானியத்துக்கும் போகிறது.

சரி, ஆப்பிளும் சாம்சங்கும் ஏன் இதில் இறங்கின? ஒரு காரணம், வருடாவருடம் ஒரே மாதிரி போனைக் காட்டி விற்பது கஷ்டமாகிவிட்டது. இன்னொரு காரணம் மடக்கு போன். 2025 ஜூலையில் வந்த சாம்சங் ஃபோல்டு7-ஐ விரித்தால் 4.2 மில்லிமீட்டர்தான். மடக்கு போன் செய்ய வேண்டுமானால் ஒல்லியாகச் செய்யும் வித்தை கைவர வேண்டும். அந்தப் பயிற்சியின் செலவில் ஒரு பங்கை நம்மிடம் வசூலிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்சிக்கு வரவேற்பு இல்லை. ஏரின் உற்பத்தியை ஆப்பிள் பெருமளவு குறைத்துவிட்டதாக அக்டோபரிலேயே செய்தி வந்தது. எட்ஜுக்கு அடுத்த பதிப்பை சாம்சங் கைவிட்டதாகக் கொரியப் பத்திரிகைகள் எழுதின.

பாண்டிச்சேரியில் வாங்கினால் விலை குறையுமா என்று விழுப்புரம், கடலூர் நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். வரி வித்தியாசத்துக்காக இங்கே வந்து டிவி, பிரிட்ஜ் வாங்கிய காலம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு முடிந்துவிட்டது. எங்கே வாங்கினாலும் போனுக்கு 18 சதவீதம். ஏரின் விலையில் சுமார் 18,300 ரூபாய் வரி. பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அங்கே ஏரின் விலை 1,229 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இதில் லாபம் ஏது?

ஏர் வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் சிம் கார்டு செருகும் இடமே கிடையாது, உலகம் முழுக்க இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி ஆகியவற்றில் இ-சிம் சில ஆண்டுகளாகவே உண்டு. பிஎஸ்என்எல், 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு வட்டத்தில் தொடங்கியது. புதுச்சேரியும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. போன் கீழே விழுந்து உடைந்தால், சிம்மைக் கழற்றி அம்மாவின் பழைய போனில் போட்டு அவசரத்துக்குப் பேசும் வழி இதில் இல்லை. நம்பரை வேறு போனுக்கு மாற்ற புது சிம் எடுக்க வேண்டும். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பது மோசடியைத் தடுக்கப் போட்ட விதி. அந்த ஒரு நாள் முழுக்க வங்கி ஓடிபி வராது.

புதிதாக வாங்க நான் சொல்லமாட்டேன். பழையதாக வாங்குவது வேறு கணக்கு. பயன்படுத்திய போன்களின் விலையை ஒப்பிடும் அமெரிக்காவின் செல்செல், ஏர் வெளிவந்த பத்து வாரத்திலேயே 40 சதவீதத்துக்கு மேல் மதிப்பு இழந்ததாகக் கணக்கிட்டது. முதலில் வாங்கியவருக்கு அது நஷ்டம், அடுத்து வாங்குபவருக்கு வசதி. மணிக்கட்டு வலி உள்ளவர்கள், நாளெல்லாம் போனில் படிப்பவர்கள், ஆபீஸிலேயே சார்ஜர் வைத்திருப்பவர்களுக்குப் பாதி விலையில் இது நல்ல பேரமாகவே அமையலாம். வாங்கும் முன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் சார்ஜ் சுற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள். சின்ன பேட்டரியை ஒரே நாளில் ஒன்றரை, இரண்டு தடவை காலி செய்தவர் கையில் இருந்த போன், ஒரு வருடத்தில் இரண்டு வருட வேலை பார்த்திருக்கும்.