களப்புப் படகின் மின் மோட்டருக்கு ஏற்ற பற்றரியைத் தெரிவு செய்தல்

பல வருடங்கள் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்துவிட்டுச் சொந்தக் கரைக்குத் திரும்பியுள்ள நீங்கள், ஒரு படகையும் வலையையும் எப்படியோ தேடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த கவலை எரிபொருள். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கடற்றொழில் செய்யும் எந்தக் குடும்பமும் மறந்திருக்காது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், யாழ்ப்பாணக் களப்பு போன்ற இடங்களில் கரைக்கு அருகில் தொழில் செய்பவர்களுக்கு, பற்றரியில் இயங்கும் சிறு மின் மோட்டர் ஒரு மாற்று வழியாக அமையலாம்.

இந்த மோட்டரைக் கடைகளில் ‘ட்ரோலிங் மோட்டர்’ என்பார்கள். பெயர் ஒன்றுபோலக் கேட்டாலும், இழுவைப் படகுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது படகின் பின்பக்கத்தில் பூட்டிக் கையால் திருப்பும் சிறிய மோட்டர். செலவில் பெரும் பகுதி மோட்டருக்கு அல்ல, பற்றரிக்கே போகும். பிழையான பற்றரியை வாங்கினால் சில மாதங்களில் பணம் வீணாகும். அதைவிட மோசமானது, கரையிலிருந்து தூரத்தில் படகு நின்றுபோவது. ஆகவே ஒரு விடயத்தை மனதில் வையுங்கள்: பற்றரியைப் போகும் தூரத்துக்காக வாங்க வேண்டாம்; காற்றுக்கு எதிராகத் திரும்பி வரும் தூரத்துக்காக வாங்குங்கள்.

இந்த மோட்டர் எங்கே பொருந்தும்?

களப்பிலும் அமைதியான ஆழமற்ற நீரிலும் மட்டுமே பொருந்தும். பெருங்கடலுக்கு இதை நம்பிப் போகக் கூடாது. 30 இறாத்தல் உந்துவிசை உள்ள மோட்டர், இரண்டு பேரும் வலையும் உள்ள சிறிய படகை அமைதியான நீரில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டு செல்லும். சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களில் இந்த வேகம் வெகுவாகக் குறையும். வாங்குவதற்கு முன்னர் உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் கடற்றொழில் பரிசோதகரிடமும் பேசுங்கள். உங்கள் களப்பில் இயந்திரம் பூட்டிய படகுகளுக்கான ஒழுங்குவிதிகளையும் படகுப் பதிவையும் பற்றி அவர்கள் விளக்குவார்கள்.

வாகனப் பற்றரி ஏன் உதவாது?

வீட்டில் உழவு இயந்திரத்தின் அல்லது முச்சக்கர வண்டியின் பற்றரி இருந்தால் அதையே மாட்டிப் பார்க்க மனம் வரும். அது ஓடும், ஆனால் நீடிக்காது. வாகனப் பற்றரி, இயந்திரத்தை ஸ்ராட் செய்யச் சில விநாடிகளுக்கு மட்டும் பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கச் செய்யப்பட்டது. அதன் உள்ளே உள்ள ஈயத் தகடுகள் மெல்லியவை. மணிக்கணக்காக மோட்டரை ஓட்டி அதை இறக்கினால், சில பத்துத் தடவைகளிலேயே தகடுகள் பழுதாகிவிடும்.

மின் மோட்டருக்கு வேண்டியது ‘டீப் சைக்கிள்’ எனப்படும் பற்றரி. இதன் தகடுகள் தடித்தவை. தினமும் பாதிவரை இறக்கி மீண்டும் மின்னேற்றினால் பல நூறு தடவைகள் பாவிக்கலாம்.

எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும்?

பற்றரியின் அளவு ‘அம்பியர் மணி’ என்று அதன் மேலே எழுதப்பட்டிருக்கும். பின்வருமாறு நீங்களே கணக்கிடலாம்.

உங்கள் வலை கரையிலிருந்து 3 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 45 நிமிடம், வர 45 நிமிடம், வலையைச் சுற்றி ஓட 30 நிமிடம். மொத்தம் 2 மணித்தியாலம். நடுத்தர வேகத்தில் மோட்டர் 20 அம்பியர் எடுத்தால், 2 மணித்தியாலத்துக்கு 40 அம்பியர் மணி தேவை. காற்றுக்கும் நீரோட்டத்துக்குமாக இன்னும் 10 சேர்த்தால் 50. ஈயப் பற்றரியில் பாதியை மட்டுமே பாவிக்க வேண்டும் என்பதால் இதை இரண்டால் பெருக்குங்கள். விடை 100 அம்பியர் மணி.

‘100 அம்பியர் மணி’ என்பது பொதுவாக 20 மணித்தியாலம் மெதுவாக, 5 அம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. மோட்டர் அதைவிட வேகமாக எடுப்பதால் முழு 100 கிடைக்காது. பாதிக்கு மேல் பாவிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழு வேகத்தில் 30 இறாத்தல் மோட்டர் ஏறக்குறைய 30 அம்பியரும், 55 இறாத்தல் மோட்டர் ஏறக்குறைய 50 அம்பியரும் எடுக்கும். வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓடினாலே பற்றரி அதிக நேரம் நிற்கும்.

எந்த வகையை வாங்கலாம்?

1. நீர் ஊற்றும் ஈயப் பற்றரி (டீப் சைக்கிள்): விலை குறைவு. இடைக்கிடை நீர் மட்டத்தைப் பார்த்து, காய்ச்சி வடித்த பற்றரி நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் தகடுகளைக் கெடுக்கும். படகு சரிந்தால் அமிலம் சிந்தலாம்.

2. மூடிய ஈயப் பற்றரி (ஏஜிஎம் அல்லது ஜெல்): அமிலம் சிந்தாது, நீர் ஊற்றத் தேவையில்லை. ஆடும் படகுக்குப் பாதுகாப்பானது. விலை சற்றுக் கூட. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினால் பழுதாகும்.

3. லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி: முதற் செலவு அதிகம். ஆனால் 80 சதவீதம் வரை பாவிக்கலாம் என்பதால், மேற்சொன்ன பயணத்துக்கு 70 அம்பியர் மணி அளவே போதும். ஆயிரத்துக்கும் அதிகமான தடவைகள் மின்னேற்றலாம். இதற்கென்றே செய்யப்பட்ட சார்ஜர் வேண்டும். ஈயப் பற்றரி இறங்கும்போது படகின் வேகம் மெல்லக் குறைந்து எச்சரிக்கும். லிதியம் பற்றரியோ கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடித் திடீரென நின்றுவிடும்.

பாரத்தையும் யோசியுங்கள். 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். அதே அளவு லிதியம் பற்றரி அதில் பாதிக்கும் குறைவு. தினமும் கரையிலிருந்து வீட்டுக்கு அதைத் தூக்கிச் செல்வது யார்? வீட்டில் தூக்கக்கூடியவர் ஒருவரே என்றால், 50 அம்பியர் மணி ஈயப் பற்றரிகள் இரண்டை வாங்கிப் பக்கத்தில் பக்கமாக, நேர்முனையை நேர்முனையோடும் மறைமுனையை மறைமுனையோடும் இணைக்கலாம். இரண்டும் ஒரே வகையாகவும் ஒரே நேரத்தில் வாங்கியவையாகவும் இருக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

• உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். ஈயப் பற்றரி விற்காமல் கிடந்தாலும் கெடும்.
• மல்ரி மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ற் ஈயப் பற்றரி, ஓய்வில் 12.6 வோல்ற் அளவு காட்ட வேண்டும்.
• லிதியம் பற்றரியாயின், அது தொடர்ந்து கொடுக்கக்கூடிய அம்பியர், மோட்டர் எடுக்கும் அதிகபட்ச அம்பியரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.
• பற்றுச்சீட்டையும் திகதியிட்ட உத்தரவாத அட்டையையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாழ்வாதார உதவித் தொகையில் வாங்கினால் இவற்றைக் காட்ட வேண்டி வரலாம்.
• சார்ஜர், வயர், பியூஸ், பெட்டி ஆகியவற்றின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

மின்னேற்றுதல்

ஈயப் பற்றரியை இறங்கிய நிலையில் விட்டுவைக்கக் கூடாது. கரைக்கு வந்த அன்றே மின்னேற்றுங்கள். பாதி இறங்கிய 100 அம்பியர் மணி பற்றரிக்கு, 10 அம்பியர் சார்ஜரால் 6 முதல் 8 மணித்தியாலம் ஆகும். இதற்கு ஏறக்குறைய ஒரு யூனிற் மின்சாரம் செலவாகும். அயலவர் வீட்டில் மின்னேற்றுபவர்கள் இந்தக் கணக்கை வைத்துப் பணத்தைப் பேசிக்கொள்ளலாம்.

மின் இணைப்பு இன்னும் கிடைக்காதவர்கள் சோலார் பனல் பாவிக்கலாம். நல்ல வெயில் நாளில் 100 வாற் பனல் ஒன்று 25 முதல் 30 அம்பியர் மணி வரை தரும். ஆகவே ஒரு நாளில் 50 அம்பியர் மணியை ஏற்ற இரண்டு பனல்கள் வேண்டும். பனலை நேரடியாகப் பற்றரியுடன் இணைக்க வேண்டாம். இடையில் கட்டுப்படுத்தி பூட்ட வேண்டும்.

பாதுகாப்பு

• மின்னேற்றும்போது ஈயப் பற்றரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் ஆகியவற்றுக்குத் தூரத்தில் வையுங்கள். பிள்ளைகள் உறங்கும் அறையில் வைக்க வேண்டாம்.
• பற்றரியை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்துப் படகோடு கட்டுங்கள். நீர் ஊற்றும் பற்றரிக்குள் கடல்நீர் போனால் நச்சு வாயு உண்டாகும்.
• நேர்முனைக்கு மிக அருகில் பியூஸ் பூட்டுங்கள். 30 அம்பியர் மோட்டருக்கு 10 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும், 50 அம்பியர் மோட்டருக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயரும் போதும். மெல்லிய வயர் சூடாகித் தீப்பற்றும்.
• முனைகளில் உப்புக் காற்று பிடிக்காமல் கிறீஸ் அல்லது வசலின் பூசுங்கள்.
• அமிலம் உடலில் பட்டால் உடனே நிறைய நல்ல நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: காணியிலோ கரையிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் பழைய பற்றரி, வயர், இரும்புப் பொருட்களை எடுக்க வேண்டாம். அவை வெடிபொருட்களுடன் இணைந்திருக்கலாம். அந்த இடத்தை விட்டு வந்த வழியே விலகி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் புறப்படும் முன்

பற்றரியை அளந்து பாருங்கள். துடுப்பையும் தாங்குகோலையும் படகில் வைக்காமல் ஒருபோதும் புறப்பட வேண்டாம். உயிர்காப்பு அங்கியை அணியுங்கள். முடிந்தவரை போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், களைத்து வரும்போது காற்றோடு வாருங்கள். ஈயப் பற்றரி 12.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால், வலையில் எவ்வளவு மீன் இருந்தாலும் கரைக்குத் திரும்புங்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு குறைத்தே காட்டும் என்பதால், அதை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுங்கள். நாளைக்கும் களப்பு அங்கேயே இருக்கும். நீங்கள் வீடு திரும்புவதே முதலாவது.