படகு போகும் பாதை – 9: ஏழடி

இங்கிலாந்துக் கால்வாய்களில் விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும் நேரோபோட், அகலத்தில் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ எழுபது அடி வரை போகும். ஆறு நண்பர்கள் ஒரு வாரம் சமைத்து, சாப்பிட்டு, உறங்கும் வீடு இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதற்குக் காரணம் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்கு அவர் ஏற்கெனவே ஒரு நிலக்கரிக் கால்வாயை வெட்டிக்கொடுத்திருந்தார். அடுத்து ட்ரென்ட் - மெர்ஸி கால்வாய்க்காக ஹேர்காஸில் குன்றைக் குடைய வேண்டியிருந்தது. அகலமாகக் குடைந்தால் செலவு தாங்காது. சுரங்கத்தைக் குறுக்கினார், படகுகளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் லாக்குகளையும் ஏழடியிலேயே நிறுத்தினார். லாக் ஏழடி என்றால் படகும் ஏழடிதான்.

இந்த அளவின் விளைவை முழுமையாகப் பார்க்க பர்மிங்காமிலிருந்து வூஸ்டர் போகும் கால்வாயே ஏற்றது. நீளம் 30 மைல், லாக்குகள் 58. அகலப் படகுகளுக்கென்றே திட்டமிட்டு, சுரங்கங்களையும் அப்படியே குடைந்தார்கள். லாக் கட்டும் கட்டம் வந்தபோது பணம் போதாமல் ஏழடிக்கு இறங்கிவிட்டார்கள். அதனால் இதன் நீண்ட சுரங்கத்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு படகுகள் தாராளமாக விலகிப் போகலாம். லாக்கில் ஒன்று மட்டுமே நுழையும்.

கால்வாயின் தொடக்கத்திலேயே இன்னொரு ஏழடி காத்திருக்கிறது. பர்மிங்காமின் கேஸ் ஸ்ட்ரீட் படகுத்துறையில் தண்ணீரின் நடுவே நீளமாக ஒரு மேடை நிற்கும். அதன் பெயர் வூஸ்டர் பார். அகலம் ஏழடி சொச்சம். பழைய பர்மிங்காம் கால்வாய் நிறுவனம், புதிய கால்வாய் தன் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அஞ்சியது. இரண்டும் கலக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டுக் குறுக்கே இந்தத் தடுப்பை வைத்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு படகு, அந்தப் பக்கம் ஒரு படகு. நடுவில் நின்ற ஆட்கள் சரக்கு முழுவதையும் கையால் எடுத்து மாற்றினார்கள். ஒரு குதிரை அலட்டிக்கொள்ளாமல் இழுத்துவந்த இருபது டன்னுக்கு மேற்பட்ட சுமை, கடைசி ஏழடியை மனித முதுகில் கடந்தது. 1795-ல் புதிய கால்வாயின் முதல் பகுதி திறந்தது முதல் 1815 வரை, இருபது ஆண்டுகள் இதே கதைதான். பிறகே தடுப்பை ஓரிடத்தில் வெட்டி, தண்ணீரைக் காக்கும் கதவுகள் வைத்துப் படகுகளை விட்டார்கள். மேடை இன்றும் இருக்கிறது. சரக்கு கைமாறிய அதன் இரு பக்கமும் இப்போது வண்ணம் பூசிய படகுகள் கட்டிக்கிடக்கின்றன.

அங்கிருந்து 14 மைலுக்கு லாக்கே கிடையாது. வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். கரையில் நடப்பவர் பேசிக்கொண்டே கூட வரலாம்.  

சமதளம் டார்டெபிக்கில் முடிகிறது. இரண்டே கால் மைலுக்குள் 30 லாக்குகள். பிரிட்டனில் இதைவிட நீண்ட லாக் வரிசை கிடையாது. நண்பர்கள் தேவைப்படுவது இங்கேதான். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் சைக்கிளில் முன்னே போய் அடுத்த லாக்கைத் தயார் செய்கிறார். படகு உள்ளே வந்ததும் மேல்கதவை மூட வேண்டும். கதவை அசைப்பது அதன் தலையிலிருந்து கரைமேல் நீளும் கனத்த உத்தரம். அதில் முதுகைக் கொடுத்துத் தள்ளும்போது கால் வழுக்காமலிருக்கத் தரையில் வளைவாகச் செங்கல் வரிசை பதித்திருப்பார்கள். பிறகு இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுழற்றினால் கீழ்க்கதவின் ஷட்டர் உயர்கிறது. ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேற, ஈரச் செங்கற்சுவர் இரு பக்கமும் உயர உயரப் படகு இறங்குகிறது. சுவரில் வரைந்த வெள்ளைக் கோட்டின்மேல் சுக்கான்காரர் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது. மேல்கதவின் அடியில் ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கிறது. படகின் பின்பகுதி அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பகுதி தண்ணீரோடு இறங்கிப் படகு மூழ்கும். எதிரே ஏறிவரும் படகு நிரம்பிய லாக்கை விட்டுச்செல்லும் என்பதால், அதற்காகக் காத்திருந்தால் ஒரு லாக் தண்ணீர் மிச்சம். முப்பதையும் இறங்கி முடிக்க அரை நாளாவது ஆகும்.

உச்சி லாக்கின் அருகே ஒரு நினைவுக்கல் உண்டு. க்ரெஸி என்ற படகில் பயணம் செய்து, 1944-ல் ‘நேரோ போட்’ என்ற நூலை வெளியிட்ட டாம் ரோல்ட், போர்க்காலத்தில் அந்தப் படகை இங்கேதான் கட்டியிருந்தார். நூலைப் படித்த ராபர்ட் ஏக்மன் 1945-ல் இங்கே வந்து அவரைச் சந்தித்தார். மறு ஆண்டே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. கேட்பாரற்றுத் தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காக்க அது போராடியது. இன்று விடுமுறைப் படகுகள் போகும் வழிகள் பல அந்தப் போராட்டத்தால் மீண்டவை.