படகு நீர்க்கசிவு

படகு நீர்க்கசிவு என்பது படகின் உடல், அதில் பொருத்தப்பட்ட குழாய்கள், மேற்றளம் ஆகியவற்றின் வழியே நீர் உட்புகுந்து அடியில் தேங்குவதைக் குறிக்கும். ஏராக்கட்டையை ஒட்டிய தாழ்வான உட்பகுதி அடிப்பள்ளம் எனப்படும். எந்த வழியாக நுழைந்தாலும் நீர் இறுதியில் இங்கேயே வந்து சேரும். ஓடும் படகைவிடத் துறையில் கட்டப்பட்ட படகுக்கே கசிவால் மூழ்கும் வாய்ப்பு அதிகம். ஓடும் படகில் ஆட்கள் இருப்பதால் கசிவு உடனே தெரிந்துவிடுகிறது. கட்டி வைக்கப்பட்ட படகைப் பல நாட்கள் எவரும் பார்ப்பதில்லை.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூருக்கு மேற்கே உயரும் ஏலமலைப் பகுதியில் உல்லாசப் படகுகள் நீர்த்தேக்கங்களிலேயே இயங்குகின்றன. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தேக்கடி ஏரி, மூணாறு அருகிலுள்ள மாட்டுப்பெட்டி நீர்த்தேக்கம் ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. கடற்கரைப் படகுகளுக்குக் கூறப்படும் விதிகளுள் சில இந்த நன்னீர்நிலைகளுக்குப் பொருந்துவதில்லை.

கசிவின் அளவு

நீர்மட்டத்துக்குக் கீழுள்ள துளை வழியே நுழையும் நீரின் வேகம், துளையின் ஆழத்தினது இருபடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 60 செ.மீ. ஆழத்தில் 25 மி.மீ. விட்டமுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். துளையின் விளிம்பில் ஏற்படும் சுருக்கத்தைக் கழித்தாலும் அதன் வழியே நொடிக்கு ஏறத்தாழ 1 லிட்டர், அதாவது மணிக்கு 3,600 லிட்டர் நீர் புகும். துளையின் விட்டம் இரு மடங்கானால் வரும் நீர் நான்கு மடங்காகும். ஆழம் இரு மடங்கானால் 1.4 மடங்கே ஆகும். ஆகவே துளை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைவிட அது எவ்வளவு பெரியது என்பதே முதன்மையானது.

இதற்கு மறுமுனையில், நொடிக்கு ஒரு சொட்டு விழும் கசிவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் நீரைச் சேர்க்கும். கவனிக்கப்படாவிடில் ஒரு மாதத்தில் இது 130 லிட்டர் ஆகிவிடும்.

மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 10 சதுர மீட்டர் பரப்புள்ள திறந்த படகில் 50 மி.மீ. மழை பெய்தால் 500 லிட்டர் நீர், அதாவது அரை டன் எடை, உள்ளே சேரும். பருவமழைக் காலத்தில் ஏலமலையில் இது ஓரிரவிலேயே நிகழக்கூடியது.

காரணங்கள்

* குழாய் இணைப்புகள்: இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், கழிவுநீர் ஆகியவற்றுக்காகப் படகின் உடலில் துளைகள் இடப்படுகின்றன. அவற்றோடு இணையும் இரப்பர்க் குழாய் வெடிப்பதும், அதைப் பிடிக்கும் உலோகப் பட்டை துருப்பிடித்து அறுவதும் பெருங்கசிவுக்கு வழிவகுக்கும்.
* சுழல்தண்டு: உந்துவிசிறியின் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் திணிப்புக் கயிறு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அதைக் குளிர்விக்கச் சில சொட்டுகள் விழுவது இயல்பு. படகு நிற்கும்போது சொட்டுவது இயல்பன்று.
* அமரப்பகுதி: வெளிப்பொருத்து இயந்திரம் தாங்கும் பின்பலகையின் திருகாணித் துளைகளும் வடிகால் அடைப்பானும் நாளடைவில் தளரும்.
* மோதல்: தேக்கடி ஏரியில், அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. நீருக்குள் மறைந்த அடிமரங்களில் மோதினால் கண்ணாடியிழை உடலில் மயிரிழை விரிசல் ஏற்படும்.
* பின்னுறிஞ்சல்: எக்கியின் வெளியேற்றுக் குழாய்வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போனால், எக்கி நின்றபின் ஏரிநீர் அதே குழாய் வழியே உள்ளே திரும்பும்.
* மரப்பலகை உலர்தல்: கரையில் நெடுநாள் கிடந்த மரப்படகின் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். நீரில் இறக்கியபின் அவை ஊறிப் பருத்து, பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அடைத்துக்கொள்ளும்.

கண்டறியும் முறைகள்

முதலில் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டும். கடலில் உவர்ப்பைக் கொண்டு கடல்நீரையும் மழைநீரையும் பிரித்தறியலாம். ஏரியில் மழைநீர், ஏரிநீர், படகின் குடிநீர்த் தொட்டியிலிருந்து ஒழுகும் நீர் ஆகிய மூன்றுமே நன்னீர் என்பதால் இச்சோதனை பயன்படாது. அதற்கு மாற்றாகப் பின்வரும் வரிசை பின்பற்றப்படுகிறது.

1. அடிப்பள்ளத்தை முற்றிலும் இறைத்துத் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும்.
2. மேற்றளத்தைத் தார்ப்பாயால் மூடி, குடிநீர்த் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் விட வேண்டும். தொட்டியின் மட்டம் குறைந்திருந்தால் அதுவே காரணம். மூடிய நிலையில் நீர் சேரவில்லையெனில் மழையே காரணம். இரண்டும் இன்றி நீர் சேர்ந்திருந்தால் அது ஏரிநீராகும்.
3. ஏரிநீர் எனில், உலர்ந்த உட்பரப்பில் ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும் கீழே சுண்ணக்கட்டியால் கோடு இடலாம். அல்லது முகத்தூளைத் தூவலாம். நீர் ஓடிய தடம் அதில் தெளிவாகத் தெரியும். தடத்தைக் கீழிருந்து மேலாகப் பின்தொடர வேண்டும். நீர் தேங்கிய இடம் அது நுழைந்த இடமாக இருக்க வேண்டியதில்லை.
4. மழைநீர் எனில், மேற்றளத்தின் ஒவ்வொரு பொருத்தின் மீதும் உணவுச்சாயம் கலந்த நீரை ஊற்றி, உள்ளே எங்கே நிறம் தோன்றுகிறது என்று பார்க்கலாம். கீழிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும். மேலே தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லாப் பொருத்துகளையும் நனைத்துவிடும்.
5. படகைக் கரையேற்றியபின் உள்ளே சிறிதளவு நீர் விட்டு, வெளியே எங்கே கசிகிறது என்று காணலாம். மிகுதியாக நிரப்பினால் அந்த எடையாலேயே உடல் விரிசலடையக்கூடும்.

எக்கியும் அதன் எல்லையும்

மிதவை இயக்கி பொருத்திய தானியங்கு எக்கி, அடிப்பள்ளத்தில் நீர் உயர்ந்ததும் இயங்கும். இது கசிவை நிறுத்துவதில்லை, மறைக்கிறது. மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் எக்கி 4 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகவும், மணிக்கு 200 லிட்டர் கசிவதாகவும் கொள்வோம். எக்கி பத்தில் ஒரு பங்கு நேரமே ஓடும். 100 ஆம்பியர்-மணி மின்கலத்தின் பாதிக் கொள்ளளவு இவ்வாறு 125 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஐந்து நாட்கள் வரும். அதுவரை பார்ப்பவருக்குப் படகு உலர்ந்தே தோன்றும். மின்கலம் ஓய்ந்தபின் நீர் தடையின்றி உயரும்.

மேலே கண்ட 25 மி.மீ. துளையை இந்த எக்கியால் ஈடுசெய்யவே முடியாது. அத்தகைய கசிவை நிறுத்துவது குழாயின் அடைப்பு வால்வு ஒன்றே.

நிலைப்புத்தன்மையில் விளைவு

கசிவின் ஆபத்து மூழ்குதல் மட்டுமன்று. படகு சாயும்போது உள்ளே தேங்கிய நீரும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிச் சாய்வை மிகுவிக்கும். இது கட்டற்ற நீர்ப்பரப்பு விளைவு எனப்படும். இவ்விளைவு நீர்ப்பரப்பின் அகலத்தினது முப்படிக்கு நேர்விகிதத்தில் வளரும். 3 டன் எடையுள்ள படகில் 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துக்கு நீர் பரவியிருந்தால், சிறு சாய்வுகளில் அதன் நிலைப்பு உயரம் ஏறத்தாழ 0.9 மீட்டர் குறையும். சிறிய படகின் மொத்த நிலைப்பு உயரமே இதையொட்டி இருக்கக்கூடும். நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு இருந்தால் இழப்பு நான்கில் ஒரு பங்காகும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்ததாகக் கூறப்பட்டது. இது கசிவினால் நேர்ந்ததாக அறியப்பட்டதன்று. எனினும் எடை ஒரு பக்கம் நகர்ந்தால் படகு எவ்வளவு விரைவில் கவிழும் என்பதை இது காட்டியது. அடிப்பள்ளத்தில் ஓடும் நீரும் அவ்வாறு நகரும் எடையே ஆகும்.

தடுப்பு முறைகள்

* படகை விட்டுச் செல்லும்போது எல்லா அடைப்பு வால்வுகளையும் மூட வேண்டும். வால்வு இறுகிப் போகாதிருக்க மாதம் ஒருமுறையேனும் திறந்து மூட வேண்டும்.
* நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு இரப்பர்க் குழாய்க்கும் இரு பட்டைகள் இட வேண்டும்.
* எக்கியின் வெளியேற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, அவ்வளைவின் உச்சியில் காற்று நுழையும் வழி அமைக்க வேண்டும்.
* அணைநீர் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். கட்டுக்கயிறு குட்டையாக இருந்தால், நீர் இறங்கும்போது படகு ஒரு பக்கம் தொங்கி, வழக்கமாக நீருக்கு மேலிருக்கும் துளைகளும் அமிழும். கயிற்றுக்கு ஏற்ற தளர்வு வேண்டும். மிதக்கும் துறை மேலும் சிறந்தது.
* உலோகப் பொருத்துகளை அரிப்பிலிருந்து காக்கும் பலிமுனையாகக் கடலில் துத்தநாகம் பயன்படுகிறது. நன்னீரில் அது போதிய அளவு செயற்படாது; மக்னீசியமே பொருந்தும்.
* மரப்படகின் பலகை இடைவெளிகளில் பஞ்சு அல்லது நார் திணித்துப் பிசின் பூசும் கலப்பற்று வேலையை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். கேரளத்தின் கெட்டுவள்ளங்கள் ஆணியின்றித் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டு இம்முறையிலேயே காக்கப்படுகின்றன.

நீர் புகுந்த படகில் இறங்குமுன் கரையிலிருந்து வரும் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்ரோல் நெடி இருந்தால் எந்த மின்விசையையும் தொடலாகாது. எண்ணெய் கலந்த நீரை ஏரியில் இறைப்பதும் தவறாகும். தேக்கடி ஏரியின் நீரே சுரங்கவழியாகக் கீழிறங்கித் தேனி, மதுரை மாவட்டங்களின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது.

சட்டம்

இந்தியாவில் உள்நாட்டு நீர்நிலைகளில் இயங்கும் இயந்திரப் படகுகளின் பதிவையும் தகுதி ஆய்வையும் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 நெறிப்படுத்துகிறது. இது 1917ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. அரசு ஆய்வு குறித்த காலத்துக்கு ஒருமுறையே நடைபெறும். இரு ஆய்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் அடிப்பள்ளத்தைத் திறந்து பார்ப்பது படகை வைத்திருப்பவரின் பொறுப்பாகும்.