வாசலில் வேப்பிலை, கதவில் ஸ்டிக்கர்

2020 ஏப்ரல் பாதி கடந்தும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கொரோனா பதிவாகவில்லை. பயம் மட்டும் மார்ச் கடைசியிலேயே வந்து இறங்கிவிட்டது. ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, கீரமங்கலத்துப் பூவை வாங்க ஆள் இல்லை. ஊரடங்கு செடிக்குத் தெரியுமா? மல்லிகை அது பாட்டுக்குப் பூத்தது. அப்பத்தா விடியுமுன்னே போய்ப் பறித்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து சரம் சரமாகக் கட்டுவார். விற்பதற்கு இல்லை. "எதுக்கு இந்த வெட்டி வேலை?" என்றேன். "கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா கண்டதையும் நெனைக்கத் தோணுதுடா" என்றார்.

டிவியும் கைபேசியுமாக உள்ளே கிடந்த என்னைவிட, அந்த மாதங்களை அப்பத்தா நன்றாகவே தாண்டினார்.

அம்மை வீட்டுக் கணக்கு

வீட்டோடு அடைந்து கிடப்பது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகிவிடுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டாள் விசேஷத்துக்குப் போகமாட்டார். தாளிப்பு கிடையாது. படுத்திருப்பவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டே இருப்பார். கொப்புளம் வாடியதும் ஒன்றுவிட்டு ஒருநாள் தலைக்குத் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றால் தெரு அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளும். மருத்துவமாக இதில் எவ்வளவு சரி என்பது வேறு பேச்சு. சின்னம்மை என்றாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் மனசுக்கு இந்த அடைப்பு நல்ல ஏற்பாடு. ஏன் அடைபட்டிருக்கிறோம் என்று தெரியும். பக்கத்தில் ஆள் உண்டு. எப்போது முடியும் என்பதும் தெரியும். வெட்கப்பட ஒன்றுமில்லை, வந்திருப்பது ஆத்தா.

கொரோனாவில், தனிமைப்படுத்திய வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரோடு இவை எதுவும் வரவில்லை. ஊரடங்கு 21 நாள் என்றார்கள். பிறகு 19 நாள் கூடியது. அதன்பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டோம். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டைத் தெருவே குற்றவாளி வீடுபோலப் பார்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டபோது இழப்பு இதைவிடப் பெரிது. அப்போது தெருவே கூடி அழுதது, கூடிக் கஞ்சி காய்ச்சியது. இந்த முறை கூடுவதுதான் ஆபத்து என்றார்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், தனிமைப்படுத்தல் பற்றி முன்பே வந்திருந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மனத்தைக் கெடுப்பவை என்று அவர்கள் சொன்னது: நாள் நீண்டுகொண்டே போவது, நோய்ப் பயம், சலிப்பு, சாமான் தட்டுப்பாடு, தெளிவில்லாத தகவல், வருமானம் நின்றுபோவது, ஊர் ஒதுக்குவது. 2003இல் சார்ஸ் பரவிய டொராண்டோவில் தனிமையில் வைக்கப்பட்டவர்களில் 129 பேரிடம் விசாரித்தபோது, பத்தில் மூன்று பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆகவே, அந்த நாட்களில் உங்களுக்கு எரிச்சலும் அழுகையும் வந்திருந்தால் அதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

பொழுதுக்கு ஒரு முளைக்குச்சி

வேலைக்குப் போகாத வீட்டில் முதலில் கெடுவது தூக்கம். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்குக் காலை வெளிச்சம்தான் சாவி. எட்டு மணிக்கு எழுந்து, ஜன்னலைச் சாத்தியபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், இரவுத் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பும் தள்ளிப்போகும். வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வாசலிலோ மொட்டைமாடியிலோ அரைமணி நேரம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். குளித்து உடை மாற்ற வேண்டும். பாயைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். விரித்த பாய் நம்மைப் பகலிலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து, கைக்கு ஒரு வேலை. முடிந்தது என்று கண்ணால் பார்க்கக்கூடிய வேலையாக இருப்பது நல்லது. பூக்கட்டுவது, புளி கொட்டை எடுப்பது, பரணை ஒழிப்பது, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. அதுவும் எல்லாருக்கும் பங்கு பிரித்து. ஊரடங்கில் ஆண்களுக்குப் பொழுது போகவில்லை. பெண்களுக்கோ மூன்று வேளை சமையலும் ஓயாத பாத்திரமுமாகப் பொழுதே இல்லை. அதே வீட்டில் ஒருவருக்குச் சலிப்பும் இன்னொருவருக்கு அலுப்பும் இருந்தால், மருந்து அடுப்படியில்தான் இருக்கிறது. அடி உதை என்று போனால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

செய்தியை ஒருநாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன் இல்லாமல், பார்த்தால் போதும். அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் நம் விராலிமலைத் தொகுதிக்காரர் என்பதால் எங்கள் ஊரில் டிவியை அணைக்கவே மனம் வரவில்லை. மாலையில் தொற்றுப் பட்டியல் வந்ததும் மாவட்டம் மாவட்டமாகக் கூட்டிப் பார்த்தோம். அந்தக் கூட்டலால் ஒரு கிருமியும் சாகவில்லை. படபடப்பு ஏறினால் இதைச் செய்து பாருங்கள்: மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்த நேரத்தைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு தணிவது உடம்பின் இயல்பு. பத்து முறை செய்தாலே வித்தியாசம் தெரியும்.

குடி நின்றுபோன வீடுகள்

இதைப் பற்றிப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் மூடியது. மே 7இல்தான் திறந்தது. அப்பாடா என்று இருந்த வீடுகள் உண்டு. நடுங்கிப்போன வீடுகளும் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் நம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்தில், சரக்கு கிடைக்காமல் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் மூவர் இறந்துபோனார்கள்.

மது மூளையின் வேகத்தை அமுக்கி வைக்கிறது. வருஷக்கணக்காகக் குடிப்பவரின் மூளை, அதற்கு ஈடாகத் தன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கும். ஒரே நாளில் மது நின்றால் அமுக்க ஆளில்லாமல் மூளை தறிகெட்டு ஓடுகிறது. நின்ற சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவதும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவதும் தொடங்கலாம். இந்தக் கட்டத்தில் நம் ஆட்கள் மந்திரிக்கத்தான் கூட்டிப்போகிறார்கள், இல்லாவிட்டால் கட்டிப்போடுகிறார்கள். இது உயிர் போகக்கூடிய நிலை. 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்தால் படிப்படியாக இறக்குவார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். தினமும் குடிப்பவரை "இதான் சாக்கு, விட்டுத் தொலை" என்று வீட்டில் பூட்டிவைப்பது நல்லெண்ணம்தான், ஆனால் டாக்டரிடம் கேட்காமல் செய்யக்கூடாது.

கடல் தாண்டிய அறைகள்

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். 2020 ஏப்ரல் 5இல் பொங்கோலில் உள்ள எஸ் 11 தொழிலாளர் விடுதியைத் தனிமைப் பகுதியாக அறிவித்தார்கள். பிறகு மற்ற விடுதிகளும் அடைபட்டன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து பேராக, மாதக்கணக்கில். இங்கே மனைவிக்கு அவரை நினைத்துப் பயம், அங்கே அவருக்கு இவர்களை நினைத்து. இரண்டு பக்கமும் "நல்லா இருக்கேன்" என்ற ஒரே பொய்.

அப்படிப்பட்டவரிடம் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்பதையே தினமும் கேட்க வேண்டாம். கண்மாயில் தண்ணீர் கிடப்பதையும் ஆடு குட்டி போட்டதையும் காட்டுங்கள். குரலை மட்டும் கவனியுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்பது இரண்டு வாரம் தாண்டினால் அது வெறும் ஊர் ஏக்கமாக இருக்காது. "நான் இல்லாட்டியும் நீங்க சமாளிச்சுக்குவீங்கள்ல" என்று ஒரு வார்த்தை வந்தால், பேச்சை மாற்றாமல் நேராகக் கேட்டுவிடுங்கள்: சாகணும்னு தோணுதா? கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறு. கேட்டால்தான் அவரால் சொல்ல முடியும். சொன்னால் தனியே விடாதீர்கள், அறையில் கூட இருப்பவரிடம் உடனே பேசுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. நம் மாவட்டத்தில் நேரில் பார்க்க, முள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களே என்று தயங்குபவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தூக்கத்துக்கு மருந்து கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்பேன்.

மூன்றாம் தண்ணீர்

2020 ஜூனில் சென்னையிலிருந்து ஊருக்குக் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் வந்தான். 14 நாள் தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகையில் இருந்தான். அம்மா தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். சாயங்காலமானால் அப்பத்தா வாய்க்கால் இந்தப் பக்கம் குத்தவைத்துக்கொண்டு, தோப்பே கேட்கும்படி அவனிடம் ஊர்க்கதை பேசுவார். என்னத்தைப் பேசினாரோ, அந்த நேரத்துக்கு அவன் சட்டை மாற்றித் தலைசீவித் தயாராக உட்கார்ந்திருப்பான்.

பதினைந்தாம் நாள் காலை அவன் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அங்கேயே அவன் தலையில் ஊற்றினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஈரத் துண்டோடு அவன் தெருவுக்குள் வந்தபோது, முதல் திண்ணையிலிருந்து அப்பத்தா கூப்பிட்டார்: "வாடா, டீயக் குடிச்சிட்டுப் போ."