இருட்டுல எரியுமா பாஸ்?

'கரண்ட் தயாரிக்கிற ஊருக்குப் பக்கத்துல இருக்கோம். நமக்கு ஏதுடா பவர் கட்?' புதுப்பட்டினத்துல ரூம் எடுத்துத் தங்குற பசங்க ஒரு தடவையாவது அடிக்கிற டயலாக் இது. கூப்பிடு தூரத்துல கல்பாக்கம் அணுமின் நிலையம். ஆனா அங்கே உற்பத்தியாகிற மின்சாரம் நேரா நம்ம ரூமுக்கு வர்றதில்லை. கிரிட்டுக்குப் போய், துணை மின்நிலையம் வழியா சுத்தி வந்துதான் நம்ம தெருக் கம்பத்துக்கு வருது. கம்பம் சாய்ஞ்சா எல்லா ஊரும் ஒண்ணுதான்!

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இதே மாமல்லபுரம் பக்கத்துலதான். அப்படி ஒரு ராத்திரியில மூணாவது மாடியில இருந்து இறங்கணும்னா நமக்குத் துணை மாடிப்படியில மாட்டியிருக்கிற அந்தக் குட்டி எமர்ஜென்ஸி லைட்தான். அது எரியுமா?

சாதாரணக் கேள்வி இல்லை. 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். 'பார்டர்' படம் ஓடிக்கிட்டு இருந்தப்போ, கீழே கார் பார்க்கிங்ல இருந்த டிரான்ஸ்பார்மர் தீப்பிடிச்சு, புகை மேலே ஏறிச்சு. பால்கனியில இருந்தவங்களுக்கு வெளியேற வழி சரியா இல்லை. வழியைக் காட்ட வேண்டிய அவசர விளக்குகளும் இல்லை. மூச்சுத் திணறி இறந்தவங்க 59 பேர். தீ தொட்டதைவிட, புகையும் இருட்டும் அடைச்ச வழியும்தான் அவங்களைக் கொன்னது.

இந்த லைட் படிக்கிறதுக்கான லைட் இல்லை பாஸ். வெளியே போறதுக்கான லைட். இதை மனசுல வெச்சுக்கிட்டு கடைக்குப் போங்க.

வாங்கும்போது...

எவ்வளவு வெளிச்சம்னு கேட்குறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம்னு கேளுங்க. கட்டடங்கள்ல அவசர விளக்கு குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் எரியணும்கிறது நம்ம தேசியக் கட்டட விதிகள் சொல்ற அளவு. கணக்கு சிம்பிள். 6 வோல்ட், 4.5 ஆம்பியர் அவர் பேட்டரின்னா பெருக்கினா 27 வாட் அவர். 9 வாட் விளக்கு பேப்பர்ல 3 மணி நேரம் எரியும். நிஜத்துல 2 மணி நேரம் வந்தா சந்தோஷப்படுங்க.

அடுத்தது பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு, ஆனா வெயில் ஆகாது. சுத்தி இருக்கிற சூடு 10 டிகிரி கூடினா அதோட ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். முழுசா தீர்ந்த பிறகு சார்ஜ் ஏத்தாம போட்டு வெச்சா உள்ளே சல்பேட் படிஞ்சு செத்தே போயிடும். லித்தியம் பேட்டரியும் எல்.ஈ.டி.யும் சேர்ந்தது எடை குறைவு, நேரமும் அதிகம்.

நம்ம ஏரியாவுக்கு ஸ்பெஷல் வில்லன், உப்புக் காத்து. மொட்டை மாடி, திறந்த படிக்கட்டுக்கு ஐ.பி.65 தரம் போட்ட, மூடிய பிளாஸ்டிக் பெட்டி விளக்கா பாருங்க. தூசி போகாது, மழைச் சாரலும் உள்ளே இறங்காது.

மாட்டுற இடம்? ஹால் நடுவுல இல்லை. படி ஆரம்பிக்கிற இடம், வராண்டா திரும்புற இடம், வெளிவாசல், மெயின் போர்டு பக்கம்.

மக்கர் பண்ணினா...

பச்சை லைட் எரியுது, கரண்ட் போனா அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சிடுது: பேட்டரி அவுட். பச்சை லைட் சொல்றது சார்ஜருக்கு கரண்ட் வருதுன்னு மட்டும்தான். பேட்டரி நல்லா இருக்குன்னு அது சொல்லவே இல்லை!

கரண்ட் போயும் எரியவே இல்லை: ஸ்விட்ச், ஒயர் பார்த்துட்டு, லைன் எதுல கொடுத்திருக்காங்கன்னு பாருங்க. இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்திருந்தா, கரண்ட் போனதே அதுக்குத் தெரியாது. இன்னொரு ஃபேஸ்ல கொடுத்திருந்தா இன்னும் மோசம். படிக்கட்டு லைட் ட்ரிப் ஆகி இருட்டாயிடும். இது மட்டும் 'எல்லாம் ஓகே'ன்னு தூங்கும். படிக்கட்டு லைட்டுக்குப் போற அதே லைன்ல இருந்துதான் இதுக்கும் கொடுக்கணும்.

கரண்ட் இருக்கும்போதே எரியுது: எப்பவும் எரியுற மாதிரி செஞ்ச மாடல் இல்லைன்னா, அதுக்கு கரண்ட் போய்ச் சேரலைன்னு அர்த்தம். யாரோ செல்போன் சார்ஜ் போட பிளக்கைப் பிடுங்கியிருப்பாங்க. குற்றவாளி உங்க ரூம்லயே இருக்கலாம்!

மங்கலா எரியுது: பேட்டரி முனையில பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கான்னு எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்க. பேட்டரி உப்பியிருந்தா தொடவே வேண்டாம், மாத்தச் சொல்லுங்க.

30 செகண்ட் டெஸ்ட்

அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு. மாசம் ஒரு தடவை 30 விநாடி, வருஷம் ஒரு தடவை முழு 90 நிமிஷம் எரிய விட்டுப் பார்க்கணும். விளக்குல இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தினா மட்டும் போதாது. அந்தப் படிக்கட்டு லைட்டோட எம்.சி.பி.யையே ஆஃப் பண்ணிப் பார்க்கணும். அப்பத்தான் ஒயரிங் குளறுபடி வெளியே வரும். 90 நிமிஷ டெஸ்ட்டை லீவு நாள் காலையில வெச்சுக்குங்க. திரும்ப சார்ஜ் ஏற முழு நாள் ஆகலாம்.

'இதெல்லாம் பெரிய இடத்துல பார்த்துப்பாங்க'ன்னு நினைக்காதீங்க. 2011-ல் சுனாமி தாக்கினப்போ ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்துலயே மாற்று ஏற்பாடுகள் தண்ணியில மூழ்கி, கட்டுப்பாட்டு அறை இருட்டாச்சு. ஊழியர்கள் டார்ச் அடிச்சு, கார் பேட்டரியைக் கழட்டிக் கொண்டுவந்து இணைச்சு, மீட்டர்களைப் படிச்சாங்க. அவங்களுக்கே அந்த நிலைமை!

அதனால அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு சீரியல் செட் கட்டுறதுக்கு முன்னாடி, வார்டன்கிட்ட போய்ப் பணிவா ஒண்ணு கேளுங்க: 'சார், ஒரு நிமிஷம் படிக்கட்டு லைனை ஆஃப் பண்ணிப் பார்க்கலாமா?'

எரிஞ்சா கைதட்டுங்க. எரியலைன்னா இன்னும் பலமா கைதட்டுங்க. புயலுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டீங்களே!