நீறு பூத்த நெருப்பும் சத்தமில்லாத வைரஸும்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் 34 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பாப் ஸ்மியர் பரிசோதனை முடிவில் புற்றுச் செல்கள் இல்லை, அழற்சி இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். இது கருப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் படியா?”

இல்லை. நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்கள் மிகச் சாதாரணமாக எழுதும் முடிவு அது. ஏதோ கிருமித்தொற்று இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி அதற்குச் சிகிச்சை எடுத்தால் போதும். ஆனால் கேள்வி அதோடு முடிவதில்லை. அழற்சிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உறவு உண்டு. கைப்பேசிக் காணொளிகளில் ‘எல்லா நோய்க்கும் வேர் அழற்சிதான்’ என்று பொடி விற்பவர்கள் சொல்லும் உறவு அல்ல அது.

‘அழல்’ என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்த சொல்தான் அழற்சி. கெலமங்கலம், தளி பக்கம் இன்னும் விறகு அடுப்பில் களி கிண்டுகிற வீடுகள் உண்டு. அடுப்பு நன்றாகப் பற்றி எரிந்தால் களி வெந்துவிடும், பிறகு தணலைத் தட்டி அணைத்துவிடலாம். உடலின் நல்ல அழற்சியும் இப்படித்தான். கிருமி நுழைந்ததும் பற்ற வேண்டும், வேலையை முடிக்க வேண்டும், அணைய வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸின் சாமர்த்தியம், அந்த அடுப்பைப் பற்றவே விடாமல் இருப்பது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அது மேல்தோலின் அடி அடுக்குச் செல்லுக்குள் புகுகிறது. இரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை. மற்ற பல வைரஸ்கள் செல்லை வெடிக்கவைத்து வெளியேறும். வெடித்த செல்லின் சிதறல்தான் உடலுக்கு அபாய மணி. ஹெச்.பி.வி. எதையும் வெடிக்கவைப்பதில்லை. அடி அடுக்கில் பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, முதிர்ந்து, தானாகவே உதிர்வது தோலின் இயற்கை. அந்தப் பயணத்தில் தானும் ஏறிக்கொள்கிறது வைரஸ். மேல் அடுக்குக்கு வந்த பிறகே குஞ்சுகளைப் பெருக்கி, உதிரும் செதிலோடு வெளியே போகிறது. எப்படியும் சாகப்போகிற செல் அது. அதன் சாவில் உடலுக்குச் சந்தேகம் வருவதில்லை. போதாததற்கு, ஆபத்தை அக்கம்பக்கச் செல்களுக்குச் சொல்லும் இன்டர்ஃபெரான் சமிக்ஞையையும் வைரஸின் புரதங்கள் அடக்குகின்றன. தீப்பெட்டியை நனைத்துவைப்பது போல.

அப்படியும் பெரும்பாலான பெண்களின் உடல் இதைக் கண்டுபிடித்துவிடுகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைகின்றன. மறையாமல் தங்குகிற சொற்பத்தில்தான் சிக்கல்.

அங்கேதான் இரண்டாவது வகை நெருப்பு வருகிறது: நீறு பூத்த நெருப்பு. கிளமிடியா போன்ற பாலியல் தொற்று கவனிக்கப்படாமல் மாதக்கணக்கில் நீடிக்கலாம். பிறப்புறுப்பைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைந்து அங்குள்ள அமிலத்தன்மை போய்விடலாம். அப்போது அழற்சி எரியவும் மாட்டாமல் அணையவும் மாட்டாமல் புகைகிறது. களி வேகாது, சுவர் மட்டும் கரி பிடிக்கும். இந்தப் புகையில் உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லின் டி.என்.ஏ.வை அறுக்கின்றன. வளையமாகத் தனித்திருந்த வைரஸின் டி.என்.ஏ., அறுந்த இடத்தில் செருகிக்கொள்ள வழி கிடைக்கிறது. செருகும்போது அதன் இ2 மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடும். இ6, இ7 என்ற இரு மரபணுக்களுக்குக் கடிவாளம் போட்டிருந்தது அந்த இ2தான். கடிவாளம் அறுந்ததும் இ6, பழுதான செல்லைச் சாகச்செய்யும் பி53 புரதத்தை அழிக்கிறது. இ7, செல் பிரிவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. செல் பெருகத் தொடங்குகிறது.

ஆக, அழற்சி துணைக் குற்றவாளிதான். முதன்மைக் குற்றவாளி ஹெச்.பி.வி.; அது இல்லாமல் இந்தப் புற்றுநோய் வருவது அபூர்வம். ஆகவே அழற்சி தணிக்கும் பொடிகளால் இதைத் தடுக்க முடியாது. உள்ளே கழுவும் வாசனைத் திரவங்களோ, காக்கும் பாக்டீரியாக்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகின்றன.

ஹெச்.பி.வி.தான் காரணம் என்று கண்டறிந்த வரலாறு சுருக்கமானது. 1970களில் பழி ஹெர்பிஸ் வைரஸ் மேல் இருந்தது. ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன் அதை ஏற்கவில்லை. 1983இல் கட்டியிலிருந்து ஹெச்.பி.வி. 16ஐப் பிரித்துக் காட்டினார், 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

நமக்கு அதைவிட நெருக்கமானது திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையம் பங்கேற்ற ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000க்கும் மேற்பட்ட கிராமப் பெண்களைப் பரிசோதித்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறிய செல்கள் உள்ள இடம் வெளுக்கும். 2007இல் முடிவு வெளியானது. அந்தக் கிராமங்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் நடந்த இன்னொரு ஆய்வில் அமிலச் சோதனைக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த ஹெச்.பி.வி. சோதனை மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. சாதாரண அழற்சியும் சில நேரம் வெளுத்துக் காட்டும் என்பதால் அமிலச் சோதனையில் பார்ப்பவரின் பயிற்சியே எல்லாம்.

ஹெச்.பி.வி. தடுப்பூசியையும் மிகைப்படுத்த வேண்டாம். தொற்றுக்கு முன் போட்டால் அது அருமையாகக் காக்கும். ஏற்கெனவே உள்ள தொற்றை விரட்டாது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போட 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அவர்களின் அம்மாக்களுக்கு வழி பரிசோதனைதான்.

இந்தியாவில் 2022இல் சுமார் 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கு. தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு அவகாசம் தருகிற புற்றுநோய் வேறு அதிகமில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அப்படிப்பட்ட மாவட்டத்திலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு நோய் முற்றிய பிறகு நம் பெண்கள் போய் நிற்கக் கூடாது.

வாசகியே, அழற்சிக்கு மருந்தை முழுமையாக முடியுங்கள். நீங்கள் 30 வயதைத் தாண்டியவர், ஹெச்.பி.வி. சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். உங்கள் லைனில் நிற்கும் தோழிகளையும் அழைத்துப் போங்கள். ஒரு ஷிப்ட் விடுப்பு போதும்.