வெறுங்காலும் டெல்லித் தரையும்

ஷூவைக் கழற்றிவிட்டு ஓடத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் முதலில் வலிப்பது உள்ளங்கால் அல்ல, கெண்டைக்கால். தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூவில் ஓடும் பலருக்குக் குதிகால்தான் முதலில் தரையில் இறங்கும். வெறுங்காலில் அப்படி இறங்கினால் சுரீரென்று வலிக்கும் என்பதால், பாதம் மெல்ல மெல்ல முன்பகுதியை ஊன்றப் பழகுகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு, கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுபவர்களை ஒப்பிட்டு 2010இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கியது. முன்பாதத்தில் இறங்கும்போது திடீர் மோதல் வெகுவாகக் குறைகிறது. ஆனால் சுமை காணாமல் போவதில்லை. கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் போய்ச் சேருகிறது.

ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் கெண்டைக்கால் கல்லாய் இறுகும். மாடிப்படி இறங்கினால் உயிர் போகும். இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் இந்த வலி சில நாளில் தானே அடங்கும். அதுவரை நடை போதும். அடங்கும் முன்பே மறுபடி ஓடக் கிளம்புவதில்தான் வினை தொடங்குகிறது.

புறங்காலில், இரண்டாம் மூன்றாம் விரல்களுக்குச் சற்று மேலே, விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்து, ஓட ஓடக் கூடினால் அது வேறு சங்கதி. எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போவதுண்டு. ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறுங்கால் ஓட்டத்தைப் போலவே அமைந்த மெல்லிய காலணிக்குப் பத்து வாரங்களில் மாறியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பாத எலும்புகளுக்குள் நீர்க்கோப்பு கூடியிருந்தது. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும்.

2016இல் டெல்லியிலிருந்து மும்பைக்கு நடந்த நெடுந்தூர ஓட்டத்தில், அகமதாபாத் முதல் மும்பை வரையிலான 527 கிலோமீட்டரை நடிகர் மிலிந்த் சோமன் 50 வயதில் வெறுங்காலோடு கடந்தார். அதைப் படித்துவிட்டு மறுநாளே ஐந்து கிலோமீட்டர் ஓடக் கிளம்புபவர்கள், அவருடைய பல ஆண்டுப் பழக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. புதியவருக்கு முதல் வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சில நிமிட ஓட்டமே தாராளம்.

டெல்லித் தரைக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது தார்ச்சாலை அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். விடியற்காலை தவிர வேறு நேரத்தில் ஓடினால் உள்ளங்கால் கொப்புளித்துவிடும். ஜனவரிக் குளிரோ நேர் எதிர். பாதம் மரத்துப்போய், கண்ணாடிச் சில்லு கிழித்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ரிட்ஜ் காட்டுப் பாதைகளில் நமக்கு நன்கு பழகிய சீமைக் கருவேல முள் காத்திருக்கிறது. புல்வெளி மெத்தென்று இருந்தாலும் நெருஞ்சியையும் சில்லையும் மறைத்துவிடும். நேரு பார்க், லோதி தோட்டம் போன்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியும்படி சுத்தமாக உள்ள நடைபாதையே மேல். கடினத் தரையில்தான் கால் மெதுவாக ஊன்றக் கற்கும். முள் ஆழமாகக் குத்தினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எச்சரிக்கும் வலியே இருக்காது. அவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது.